செட்டா, அப்பாவா?

எங்கள் அமெச்சூர் ரேடியோ சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் கொஞ்ச நாளாக ஒரு சண்டை. எண்ட்-ஃபெட் கம்பிக்குத் துணைக் கம்பி வேண்டுமா, வேண்டாமா? ஒரு கூட்டம் வேண்டும் என்கிறது, இன்னொரு கூட்டம் வேண்டவே வேண்டாம் என்கிறது. இரண்டு கூட்டமும் மாற்றி மாற்றி வீடியோ அனுப்புகிறார்கள். கடைசியில் யாரோ ஒரு புண்ணியவான், "லட்சுமி அக்காவைக் கேளுங்க லா, அவங்க வாழ்க்கை பூரா அதைத்தான் சுத்துனாங்க" என்று என்னை இழுத்துவிட்டான்.

சுத்தினது உண்மை. புரிந்துகொண்டு சுத்தினேனா என்று கேட்டால் எனக்கே சந்தேகம். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்தபின் எல்லாம் தெளிவாகும் என்று நினைத்தேன். தெளிந்த மாதிரி இருந்த ஒன்றிரண்டும் இப்போது கலங்கித்தான் கிடக்கின்றன. பரவாயில்லை, எழுதச் சொல்கிறார்கள், எழுதுகிறேன்.

ரேடியோ தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. அரசாங்க லைசென்ஸ் வாங்கி, சொந்த செட்டு வைத்து, காற்றில் பேசிக்கொள்கிறவர்கள் நாங்கள். சும்மா இருக்கும்போது பொழுதுபோக்கு, வெள்ளம் வந்து போன் படுத்துவிட்டால் உதவி. பேச ஆண்டெனா வேண்டும். சாதாரண ஆண்டெனாவை நடுவில் பிடித்து இரண்டு பக்கமும் கை நீட்டிக் கட்ட வேண்டும். எண்ட்-ஃபெட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. சுமார் இருபது மீட்டர் கம்பி, ஒரு முனையில் உள்ளங்கை அளவு பெட்டி, அவ்வளவுதான். ஜன்னலில் பெட்டியை மாட்டி, மறு முனையை ஒரு மரத்தில் கட்டினால் அதே கம்பி நாற்பது மீட்டர், இருபது, பதினைந்து, பத்து என்று நான்கு அலைவரிசைகளில் பேசும். ஒரு கம்பி நான்கு வேலை எப்படிச் செய்கிறது என்று படம் போட்டு எனக்கு விளக்கியிருக்கிறார்கள். படம் பார்க்கும்போது புரியும், மடித்து வைத்தால் போய்விடும்.

நான் சுங்கைவே பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் காயில் சுற்றிக்கொண்டிருந்தவள். ஊசியால் பூக்கட்டுகிற மாதிரியான வேலை. கண்ணும் விரலும் பழகிவிட்டால் வாய் சும்மா இருக்கும், ஊர்க்கதை பேசலாம். அந்தக் கம்பெனி வேறு நாட்டுக்கு மூட்டை கட்டியபோது, பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேலே ரேடியோ பட்டறை வைத்திருந்த வள்ளியப்பன் சார் என்னை வேலைக்கு எடுத்துக்கொண்டார். லோரிகளுக்கும் இழுவைப் படகுகளுக்கும் ரேடியோ பூட்டுவது அவர் தொழில். அமெச்சூர்காரர்களுக்கு எண்ட்-ஃபெட் கட்டிக்கொடுப்பது அவருடைய பைத்தியம். அவர் வீட்டு மனிதர்கள் கிள்ளானில் மூன்று தலைமுறையாக வியாபாரம் செய்கிறவர்கள். இவர் ஒருவர்தான் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூரை ஏறினார். அவர் சொந்தக்காரர்கள் பட்டறைக்கு வந்தால் பரிதாபமாகச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

சாருக்குக் கோபம் வராது, பாராட்டும் வராது. எதைக் காட்டினாலும் "அப்படியா?" என்பார். சரியாகச் செய்தாலும் அப்படியா, கெடுத்தாலும் அப்படியா. சொல்லிவிட்டுக் கீழே போய் நுரைக்க ஆற்றிய டீ, ஒரு தே தாரிக், குடித்துவிட்டு வருவார். அவர் திரும்பி வருவதற்குள் நாம் செய்ததில் நமக்கே பத்து சந்தேகம் வந்திருக்கும். முதல் ஒரு வருஷம் அந்த அப்படியாவை நினைத்து நினைத்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆனால் வேலை முறையில் மனிதர் இம்மி விலக மாட்டார். பெட்டிக்குள் இருப்பது கறுப்பு வளையம் ஒன்று. அதில் எனாமல் செப்புக் கம்பியை ஒரு பக்கத்துக்கு இரண்டு சுற்று, மறு பக்கத்துக்குப் பதினாலு சுற்று. சுற்றை வளையத்தின் உள்ளே எண்ண வேண்டும். கம்பி ஒரு தடவை வளையத்துக்குள் நுழைந்தால் அது ஒரு சுற்று. வெளியே எண்ணுகிறவன் ஒன்று குறைத்து எண்ணிவிட்டு, ஒன்று கூடுதலாகச் சுற்றி வைப்பான். இன்றைக்கும் புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர் இதில்தான் விழுகிறார்கள். நான் எண்ணும்போது யாராவது பேசினால், சார் பேசியவரை விட்டுவிட்டு என்னை அவிழ்க்கச் சொல்வார். மறுபடி முதலிலிருந்து. நீளக் கம்பியைக் கொஞ்சம் தாராளமாகத்தான் நறுக்குவோம். அளவு கூடுதலாக இருந்தால் முனையை மடித்து முறுக்க வேண்டும், வெட்டக் கூடாது. கட்டியதும் உடனே அளக்கவும் கூடாது. மதியச் சாப்பாடு முடியும்வரை அது தொங்க வேண்டும். புதுக் கம்பி தன் எடைக்குக் கொஞ்சம் நீளும்.

கடைசியாக மஞ்சள் கோடு. பட்டறைத் தரையில் மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இருந்தது. அளக்கும்போது எல்லாரும் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஆள் பக்கத்தில் நின்றால் ஆண்டெனா வெட்கப்படும் என்று நாங்கள் கேலி பேசுவோம். மீட்டர் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்க வேண்டுமென்றால் செட்டுக்கும் பெட்டிக்கும் நடுவே நீளமான கேபிள் வேண்டும். அதற்காகவே ஒரு கறுப்புக் கேபிள் சுருள் ஆணியில் தொங்கும். வெளி வேலைக்குப் போனாலும் அந்தச் சுருளையும் மீட்டரையும் தோளில் மாட்டிக்கொண்டுதான் போவேன். தாலியைக் கழற்றினாலும் கழற்றுவாள், கேபிளைக் கழற்ற மாட்டாள் என்று பட்டறையில் சொல்வார்கள்.

இப்போது கேரி தீவுக்கு வருகிறேன். அந்தக் குழப்பத்தைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

அங்கே எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு கோயில். கோயிலை ஒட்டி ஒரு சிறு மண்டபம். பெருமழையில் ரோடு மூழ்கி, போனும் செத்து, அந்தக் குடியிருப்பு ஒரு தடவை தவித்துப்போயிருந்தது. அதனால் எங்கள் சங்கம் அங்கே ஒரு செட்டு வைத்துக் கொடுத்தது. கூரையில் சோலார், மேசைக்கடியில் பேட்டரி, ஜன்னலில் பெட்டி, அங்கிருந்து எதிரே நின்ற மரம்வரை நான் சுற்றிக் கட்டிய எண்ட்-ஃபெட். கோயில் கமிட்டிக்காரர்கள் ஒயர் கண்ணில் படாமல் அழகாக இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். செட்டை ஜன்னலுக்கு அடியிலேயே வைத்து, ஒரு முழக் கேபிளில் பெட்டியோடு இணைத்தோம். பார்க்கப் பளிச்சென்று இருந்தது.

செட்டை இயக்கியவர் கோவிந்தசாமி அண்ணன். தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி போனபின் தனியாக இருந்தார். மகள் புவனா கிள்ளானில் ஆசிரியை. அந்த வயதில் உட்கார்ந்து படித்து, பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கியவர் அண்ணன். காற்றில் தன் பெயருக்குப் பதிலாக லைசென்ஸோடு கிடைத்த கால்சைனை ஒவ்வொரு எழுத்தாக நிறுத்திச் சொல்வார். குரலில் ஒரு மிடுக்கு ஏறும்.

ஒரு மாதம் போயிருக்கும். போன் வந்தது.

"லட்சுமி, செட்டு வேலை செய்யல. கூப்பிட்டா சிகப்பு லைட்டு எரியுது. எல்லாரும் பேசுறது எனக்குக் கேக்குது, நான் பேசுறது ஒருத்தருக்கும் கேக்கல."

அனுப்பும் சக்தி கம்பியில் ஏறாமல் செட்டுக்கே திரும்பினால் எரிகிற விளக்கு அது. பந்திங் சுற்றிப் போனேன். கேபிளை இணைத்தேன், மீட்டரை வைத்தேன், வாசல் பக்கம் தள்ளி வந்து கையைப் பின்னால் கட்டினேன். "கூப்பிடுங்க அண்ணே." கூப்பிட்டார். சிவப்பு இல்லை. ஈப்போவிலிருந்து ஒருவர் பதில் சொன்னார். அனுப்பிய சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் என் மீட்டரில் முள் அசையக்கூட இல்லை. என் கேபிளையும் மீட்டரையும் கழற்றி எடுத்துக்கொண்டு வந்தேன். வீடு வந்து சேருமுன் மறுபடி போன்.

"எரியுது லட்சுமி."

அடுத்த வாரம் போனேன். அதே கதை. நான் நின்றால் பேசுகிறது, போனால் மக்கர் பண்ணுகிறது. பெட்டியைப் பிரித்துச் சுற்றை எண்ணினேன், சரி. ஈரம் இறங்கியிருக்குமோ என்று பார்த்தேன், இல்லை. நானும் எத்தனையோ கோளாறு பார்த்தவள், இப்படி ஆள் பார்த்து நடக்கிற கோளாறைப் பார்த்ததில்லை. எனக்குத் தலை சுற்றியது.

அன்றைக்குப் புவனாவும் வந்திருந்தாள். கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்த என்னை மண்டபத்துக்குப் பின்னால் கூட்டிப்போனாள்.

"அக்கா, மறைக்காமச் சொல்லுங்க. அடுப்பை அணைக்காம வந்துடுறாரு. போன வாரம் என்னை அம்மா பேரைச் சொல்லிக் கூப்பிட்டாரு. இப்ப யாரும் இல்லாதப்ப மட்டும் செட்டு கெட்டுப் போவுதுன்னு சொல்றாரு. கெட்டிருக்கிறது செட்டா, அப்பாவா?"

நான் மீட்டரை நம்புகிறவள். வேறு எதை நம்புவது?

"செட்டு நல்லாத்தான்மா இருக்கு" என்றேன்.

அவள் அழவில்லை. தலையை ஆட்டிக்கொண்டாள். "டாக்டர்கிட்ட நாள் வாங்கிடுறேன். வீட்டைப் பூட்டிட்டு எங்கூடக் கூட்டிட்டுப் போயிடுறேன். சொன்னாக் கேக்க மாட்டாரு" என்றாள்.

கமிட்டியிலும் பேச்சு கிளம்பிவிட்டது. பெரியவருக்குப் புத்தி தடுமாறுகிறது, இவரை நம்பி ஊர் இருக்க முடியுமா, செட்டைக் கழற்றி வேறிடத்தில் வைக்கலாம் என்று முடிவு செய்து சங்கத்துக்குச் சொல்லியனுப்பினார்கள். கழற்றி வரும் வேலை என் தலையில் விழுந்தது. வள்ளியப்பன் சாரிடம் நடந்ததெல்லாம் சொன்னேன். "அப்படியா?" என்றார். அதிசயமாக, கீழே தே தாரிக் குடிக்கப் போகாமல் காரை எடுத்தார்.

மண்டபத்தில் அண்ணன் சட்டையெல்லாம் மாட்டிக்கொண்டு, கோர்ட்டில் நிற்கிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். புவனா ஓரமாக நின்றாள். கமிட்டிக்காரர் இரண்டு பேர் இருந்தார்கள். வழக்கம்போல நான் கேபிளை மாட்டி, தள்ளி நின்று, அளந்து காட்டினேன். அருமையாக வேலை செய்தது. கமிட்டிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணன் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கேபிளைக் கழற்றிச் சுருட்டி, பழையபடி முழக் கேபிளை மாட்டினேன். அடுத்து செட்டையே கழற்ற வேண்டியதுதான். அப்போது சார், "கோவிந்தசாமி, போறதுக்கு முன்னாடி ஒரு தடவை கூப்பிட்டுருங்களேன்" என்றார்.

அண்ணன் மைக்கை எடுத்துக் கால்சைனைச் சொன்னார். சிவப்பு விளக்கு எரிந்தது.

"பாத்தியா! பாத்தியா புவனா!" அண்ணன் எழுந்தேவிட்டார்.

நான் ஓடிப்போய், சூடேறியிருக்கிறதா என்று செட்டின் இரும்பு முதுகில் கையை வைத்தேன். "பேசிக்கிட்டே இருங்க அண்ணே." விளக்கு அணைந்தது.

"கையை எடு" என்றார் சார். எடுத்தேன், எரிந்தது. "வை." அணைந்தது. "எடு." எரிந்தது. கமிட்டிக்காரர் ஒருவர் சன்னிதிப் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். என்னிடம் ஏதோ சக்தி இறங்கியிருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ. நானே ஒரு விநாடி அப்படித்தான் நினைத்தேன்.

"லட்சுமி, அந்தக் கேபிளு எதுக்கு?" என்றார் சார் மெதுவாக.

"அளக்க, சார். மஞ்சக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிக்க."

"அப்படியா" என்றார். அந்த ஒரு அப்படியாவில் மட்டும் கேள்விக்குறி இல்லை.

விஷயம் இதுதான். எண்ட்-ஃபெட் ஒற்றைக் கம்பி என்பது பேச்சுக்குத்தான். அந்தக் கம்பிக்குள் மின்சாரம் போவதற்கு எதிர்ப்பக்கம் எதையாவது உதைத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். நீளக் கேபிள் இருந்தால் அதன் உறையை உதைத்துக்கொள்ளும். அங்கே பேட்டரி செட்டு, முழக் கேபிள், உதைக்க ஒன்றுமில்லை. நான் அளக்க வந்தபோதெல்லாம் என் கேபிள் சுருள் அந்த வேலையைச் செய்தது. என் கை வைத்தபோது என் உடம்பு செய்தது. கோளாறைத் தேடி வந்தவளே அதைச் சரிசெய்து அளந்துவிட்டு, திரும்பிப் போகும்போது தோளில் மாட்டிக்கொண்டு போயிருக்கிறாள். நான்கு மீட்டர் கம்பி ஒன்றைப் பெட்டியின் அடியில் மாட்டி, சுவரோரமாகத் தரையில் விட்டேன். அதுதான் துணைக் கம்பி. அதன்பின் அந்த விளக்கு எரியவே இல்லை.

புவனா சிரித்துக்கொண்டே அழுதாள். "அப்பா மேல தப்பு இல்ல, இல்லக்கா? செட்டுதான், இல்ல?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டாள். "செட்டுதான்மா, செட்டேதான்" என்றேன். அண்ணன் எல்லாருக்கும் இளநீர் வெட்டிக் கொடுத்தார். அவ்வளவு சந்தோஷமாக நான் அந்த ரோட்டில் திரும்பியதில்லை. காரில் வரும்போது சாரிடம், மஞ்சள் கோட்டை என்ன யோசித்துப் போட்டீர்கள் என்று கேட்டேன்.

"நான் எங்க போட்டேன்? முன்னாடி வாடகைக்கு இருந்தவன் பெட்டி அடுக்கப் போட்டது லா. நீங்கள்லாம் அதுக்குப் பின்னாடி நின்னீங்க. ஒழுங்கா இருந்துச்சு, விட்டுட்டேன்."

இத்தனை வருஷமும் பயபக்தியோடு கையைக் கட்டி நின்றேனே!

அந்த வருஷக் கடைசியில் மழை கொட்டியது. ரோடு போனது, போன் போனது. ஈர விறகு மாதிரி எல்லாம் படுத்துக் கிடந்தபோது கோவிந்தசாமி அண்ணனின் குரல் மட்டும் வந்தது. நான் பிரிக்பீல்ட்ஸ் பிளாட்டில் பால்கனியில் கட்டிய ஆண்டெனாவோடு உட்கார்ந்து, அவர் சொல்வதை வாங்கி மீட்புக்காரர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். எந்த வீட்டில் நடக்க முடியாதவர் இருக்கிறார், எந்த வீட்டில் சிறுநீரகச் சுத்திகரிப்புக்குப் போக வேண்டியவர் இருக்கிறார், படகு எந்தப் பக்கமாக வரலாம் என்று ஒரு பிசகில்லாமல் சொன்னார். ஒவ்வொரு படகும் கிளம்பியபின், "எல்லாரையும் ஏத்திட்டாங்களா?" என்று கேட்பார். ஏற்றிவிட்டார்கள் என்று நான் சொன்னால்தான் அடுத்த வீட்டுக்குப் போவார். கடைசிப் படகில்தான் அவர் ஏறினார்.

தண்ணீர் வடிந்து கொஞ்ச நாள் கழித்துப் புவனா போன் செய்தாள்.

"அக்கா, அன்னிக்கு வெள்ளத்துல எப்படிப்பா பயப்படாமப் பேசுனீங்கன்னு கேட்டேன். எந்த வெள்ளம்னு கேக்குறாரு. டாக்டர் மூளையைப் படம் எடுத்துப் பாத்துட்டாரு. ஆரம்பிச்சு ரெண்டு மூணு வருஷம் ஆயிருக்கும்னு சொல்றாரு. அன்னிக்கு நீங்க செட்டுதான்னு சொன்னீங்க. செட்டும்தான் அக்கா, அப்பாவும்தான்."

அவள் குரலில் என்மேல் கோபம் துளியும் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அன்றைக்கு நாங்கள் விளக்கின் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் போயிருந்தால் அவள் அவரை அப்போதே டாக்டரிடம் காட்டியிருப்பாள். காட்டியிருந்தால் வெள்ளத்தில் அந்தச் செட்டுக்கு முன்னால் யார் உட்கார்ந்திருப்பார்கள்? ஒன்றை இழுத்தால் இன்னொன்று இறுகுகிறது. எத்தனையோ தடவை இதை உட்கார்ந்து பிரித்துப் பார்த்துவிட்டேன். பிடி கிடைக்கவில்லை.

இப்போது அண்ணன் கிள்ளானில் மகள் வீட்டில் இருக்கிறார். அங்கே பெட்டியும் கம்பியும் நானே போய்க் கட்டினேன். துணைக் கம்பியை வேலியோரமாக ஓட்டி, யாரும் அழகு பார்த்துக் கழற்றிவிடாதபடி ஆணி அடித்தேன். அப்போது அண்ணன் என்னை ஒயரிங்காரப் பெண் என்று நினைத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் மரியாதையாகக் கோப்பி கொடுக்கச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் எல்லாரும் ஒரே அலைவரிசையில் கூடுவோம். புவனா அவரை உட்காரவைத்து மைக்கைக் கையில் கொடுப்பாள். சாப்பிட்டாரா இல்லையா என்பதே நினைவில் இல்லாத மனிதர், கால்சைனை ஓர் எழுத்துப் பிசகாமல் நிறுத்தி நிறுத்திச் சொல்வார். நான் பதில் சொல்வேன்.

"உங்க சிக்னல் ரொம்பத் தெளிவா வருது" என்பார். "பேசுறது யாருங்க?"

"லட்சுமி, அண்ணே. பிரிக்பீல்ட்ஸ்."

மற்ற நேரத்தில் வெள்ளம் என்ற பேச்சையே அவர் எடுப்பதில்லையாம். மைக் கையில் இருக்கும்போது மட்டும் அந்த நினைவு எங்கிருந்து வருகிறது என்று எனக்கும் தெரியவில்லை, புவனாவுக்கும் தெரியவில்லை. பழைய மிடுக்கோடு கேட்பார்.

"லட்சுமி, எல்லாரையும் ஏத்திட்டாங்களா?"

"ஏத்திட்டாங்க அண்ணே" என்பேன். "நீங்கதான் பாக்கி. மைக்கை வச்சிட்டு வாங்க."